வாசல்காரர் சொன்னது

அந்த நாடகத்துக்குத் தொடக்கம் மூன்று இருந்தது. முடிவுதான் ஒன்றுகூட இல்லை. போன மழைக்காலத்தில் எழுத உட்கார்ந்தவர்கள். அடுத்த மழையும் வந்து தகரக் கூரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. நாலு பேரும் இன்னும் அந்த நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அது துணி வெட்டுகிற மேசை. ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கும் பட்டறையின் பின்பக்க அறை. சுவரோரம் துணிச் சுருள்கள் ஆள் உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும். எதைத் தொட்டாலும் சாக்பீஸ் தூள் கையில் ஒட்டும். வேலை முடிந்த பிறகு அறையைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளி சம்மதித்திருந்தார். "பெருக்கிச் சுத்தமா வச்சுட்டு என்ன கூத்து வேணும்னாலும் அடிங்க" என்று சாவியை அண்ணியிடம் கொடுத்திருந்தார். அண்ணி அங்கே பன்னிரண்டு வருஷமாகத் தைக்கிறவள்.

அண்ணி என்று அவளைக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் நாத்தனார். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டு அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். அவள் வாயிலிருந்து தொற்றிக்கொண்டு மற்ற இருவரும் அண்ணி அண்ணி என்றே பழகிவிட்டார்கள். அதில் ஒருவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அண்ணியைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கூசாமல் அண்ணி என்பார். பகல் முழுக்க "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்துகிற தொண்டை, சாயங்காலம் ஆனால் வசனம் கேட்கும். இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சுக் குறைவு. மேடையில் எதை ஏற்றலாம், எதை இறக்கலாம் என்பதில்தான் அவருக்குக் கண்.

நாடகத்தில் வருவது இன்னும் வராத ஒரு காலத்து ஊர். தெருத்தெருவாகச் சுவர் எழுப்பி ஜனங்களைப் பிரித்துவைத்திருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மாவையோ பிள்ளையையோ பார்க்க வேண்டுமானால் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். கிடைத்தால் கொஞ்ச நேரம் பார்க்கலாம். மணியடித்தால் எழுந்து வந்துவிட வேண்டும், பாதிப் பேச்சில் இருந்தாலும் சரி. யோசனை அண்ணியுடையது. எல்லாருக்கும் பிடித்துப்போனது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

"நான் சுவர் மேல ஏறி நின்னு பேசறேன். ஜனங்க கீழ நிக்கறாங்க," என்பார் வாத்தியார்.

"ஜனங்க யாரு? நாங்க மூணு பேருதான இருக்கோம்," என்பாள் நாத்தனார்.

"நீங்கதான் ஜனங்க."

"போன வாரம் நான்தான் ஏறினேன். அதுக்குள்ள எப்படி எறங்கினேன்?"

"உனக்கு உயரம்னா தல சுத்தும்னு நீயே சொன்னியேம்மா!"

எல்லாருக்கும் எதிர்த்து நிற்கிறவராக இருக்க வேண்டும். அடங்கிப் போகிறவராக இருக்க ஒருத்தரும் தயாரில்லை. ஒரு பக்கம் எழுதி முடித்தால் மறுநாள் அதில் பாதியை அடிப்பார்கள். அடித்ததை அடுத்த வாரம் தேடுவார்கள். 'இந்த வசனம் என்னுடையது, தொடாதே' என்று வாத்தியார் கொடிபிடித்த ஒரு நாளில் அண்ணிக்குப் பொறுமை போய் ஒரு சட்டம் போட்டாள்: இந்த அறையில் யார் எதைச் சொன்னாலும் அது நாலு பேருக்கும் பொது. சொன்னவருக்கே திரும்ப எடுக்கிற உரிமை கிடையாது. எல்லாரும் சரி என்று மேசையில் தட்டினார்கள்.

அதற்கப்புறம் சண்டை குறைந்தது. நாடகம் மட்டும் நகரவில்லை. காரணம் வாசல் அதிகாரி. அனுமதி கொடுக்கிற, மறுக்கிற ஆள். அந்த வேஷம் வேண்டாம் என்று எல்லாரும் ஒதுங்க, லிஃப்ட் மெக்கானிக் தலையில் விழுந்தது. அவர் பாவம், கண்ணை உருட்டி "போ வெளியே!" என்று உறுமுவார். நாத்தனார் முந்தாநாள் பிடுங்கிய பல்லைப் போல அவரைப் பார்ப்பாள். பயம் வராது, சிரிப்புதான் வரும்.

"இது அதிகாரி இல்லண்ணே, பூச்சாண்டி," என்று அண்ணி ஒரு நாள் பேப்பரை வீசினாள். "ஜனங்க பூச்சாண்டிக்கு எதிரா நின்னா அதுல என்ன இருக்கு?"

"அப்ப அந்த ஆளு எப்படிப் பேசுவான்? நீங்க எழுதுங்க, நான் பேசறேன்," என்றார் மெக்கானிக்.

அண்ணியின் கணவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் காவல் வேலை. ஆஸ்பத்திரியில் அவர் பெயர் வாசல்காரர். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவதும், நேரம் முடிந்ததும் வெளியே அனுப்புவதும் வேலை. நாளெல்லாம் நின்ற கால் வீங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி அன்றைக்கு நடந்ததைச் சொல்வார். சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. வேறு யாரிடமும் வாய் திறக்காத மனிதர், மனைவியிடம் மட்டும் கொட்டிவிட்டு எழுந்து போவார். அண்ணி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே உம் கொட்டுவாள்.

பேப்பரை வீசிய அன்று அவள் அதிகாரிக்கு வசனம் எழுத உட்கார்ந்தாள். அதுவரை ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவளுக்கு அன்று கை நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், ஓடுகிற தையலை நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்த ஒத்திகையில் அவளே வாசித்துக் காட்டினாள். அதிகாரி உறுமவில்லை. "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. எனக்குப் புரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல," என்றான். "இந்த நாற்காலில நான் இல்லன்னா இன்னொருத்தன் இருப்பான். அவன் உங்கள அம்மான்னு கூப்பிட மாட்டான்," என்றான். கெஞ்சி நிற்கிற ஒரு பெண்ணிடம் சிரித்த முகமாக, "காலைல வாங்கம்மா. காலை எங்க ஓடிப்போகுது?" என்றான்.

மெக்கானிக் கையில் இருந்த ஸ்குரூவைக் கீழே வைத்தார்.

"இவன் நெஜ ஆளு அண்ணி," என்றார் வாத்தியார். "எங்க புடிச்சீங்க இந்த ஆள?"

நாத்தனார் பெருக்கும்போது பக்கத்தில் வந்து, "அண்ணி, இது அண்ணன்..." என்று ஆரம்பித்தாள்.

"குப்பைய அள்ளு," என்றாள் அண்ணி.

அந்தச் சனிக்கிழமை மழை ஊற்றியது. மெக்கானிக்கை ஏதோ கட்டடத்தில் நின்றுபோன லிஃப்ட் பிடித்துக்கொண்டது, வரவில்லை. ஒத்திகை பாதியில் இருக்கும்போது அண்ணியின் கணவர் குடையோடு வந்து கதவோரம் நின்றார். மனைவியும் தங்கையும் நனைந்துவிடுவார்கள் என்று டூட்டி முடிந்த உடுப்போடு நேராக வந்திருந்தார்.

"கடவுளாப் பார்த்து அனுப்பினாரு!" என்று எழுந்தார் வாத்தியார். "அண்ணே, ஒரு பத்து நிமிஷம். ஆள் இல்லாம தவிக்கிறோம். நடிக்க வேணாம், இருக்கறத அப்படியே வாசிச்சாப் போதும்."

"எனக்கென்ன தெரியும் இதெல்லாம்," என்று அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"அண்ணனுக்கு நாளெல்லாம் நின்னு கால் வலி. விடுங்க சார்," என்றாள் நாத்தனார். அண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பேப்பர் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த வரிகளை அந்தக் குரலில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை. பேப்பரை நீட்டினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முதல் இரண்டு வரி பள்ளிக்கூடப் பையனைப்போல் தட்டுத்தடுமாறியது. மூன்றாவது வரியில் குரல் தானாக இறங்கி, தினமும் போகிற பாதையில் போகிற மாதிரி நடக்க ஆரம்பித்தது. கெஞ்சுகிற பெண்ணாக எதிரே நின்ற நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. கூரையில் மழை சத்தம் போட்டும் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "காலைல வாங்கம்மா. காலை எங்க ஓடிப்போகுது?" என்றார். நிறுத்தினார். பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அந்த வரியை மறுபடி வாசித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைந்தது. மிச்சத்தையும் முடித்துவிட்டு எழுந்தார்.

வாத்தியார் பாய்ந்துவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, நடிப்பே வேணாம் போங்க! இந்த வேஷத்துக்குன்னே பொறந்திருக்கீங்க!"

"அப்படியா," என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். பேப்பரை மடிக்காமல் மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் கத்திரிக்கோலைத் தூக்கி வைத்தார்.

வீடு வரும்வரை குடையை மனைவி பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்ததில் அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்துவிட்டது. நாத்தனார் இன்னொரு குடையில் வேண்டுமென்றே முன்னால் போய்விட்டாள்.

கதவைத் திறந்து செருப்பை விட்டபோதுதான் கேட்டார். "ஃபிளாஸ்க்கோட வந்து உள்ள விடச் சொல்லிக் கெஞ்சின அந்த அம்மாகிட்ட நான் சொன்னதுதான அது?"

"ஆமாங்க."

"அந்த ராத்திரியே அவங்க புருஷன் போயிட்டாருன்னு உன்கிட்ட சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் உன்கிட்டதாம்மா சொன்னேன்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். "நாலு பேர்கிட்ட சொல்லணும்னா எனக்கே வாய் இருக்கு."

அதோடு சரி. மறுநாளிலிருந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "உப்பு எடு," "விளக்க அணை," என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவள் வலியப் போய் "இன்னைக்குக் கூட்டமா?" என்று கேட்டால், "எப்பவும்போலத்தான்," என்பார். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி அவள் உட்கார்ந்திருப்பாள். தூக்கமில்லாமல் அவர் புரளுவது பக்கத்தில் கேட்கும்.

அடுத்த ஒத்திகையில் அண்ணி வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "அதிகாரி வசனத்த எடுத்துடறேன். வேற எழுதித் தரேன்."

"என்னது?" என்று வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நாடகத்துல உசிரோட இருக்கறதே அது ஒண்ணுதான்! அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு? என் பேச்சா?"

உண்மையை அவரே ஒத்துக்கொண்டது எல்லாருக்கும் ஆச்சரியம்.

"அது எங்க வீட்டுக்காரர் வார்த்தை. அவரக் கேக்காம எழுதிட்டேன். வேணாம்."

"அண்ணி, சட்டம் போட்டது யாரு?"

"நான்தான். இப்ப அந்தச் சட்டம் வேணாங்கறேன்."

"அதெப்படி? என் வசனத்த அடிச்சப்ப சட்டம். உங்களுக்குன்னா சட்டம் இல்லயா? நாம எழுதற ஊரவிட மோசமா இருக்கே இது!"

"நான் அத மனப்பாடமே பண்ணிட்டேன்," என்றார் மெக்கானிக், குற்றம் செய்தவர்போல. "லிஃப்ட் ஷாஃப்டுக்குள்ள நின்னு சொல்லிப் பார்த்தேன். நல்லா எதிரொலிக்குது."

அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லுடி. உங்க அண்ணன்."

நாத்தனார் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி மேசையில் வைத்தாள். "இருக்கட்டும் அண்ணி," என்றாள்.

"என்ன?"

"இருக்கட்டும். அன்னைக்கு அண்ணன் உங்ககிட்ட சொன்னது பக்கத்து ரூம்ல எனக்கும் கேட்டுச்சு. அந்தம்மாவ அண்ணன் உள்ள விட்டிருக்கணும். ஒரு அஞ்சு நிமிஷம். யாரு தலைய எடுத்திருக்கப் போறாங்க? அண்ணன்னா எனக்கு உசுரு. ஆனா விட்டிருக்கணும்."

மூன்றுக்கு ஒன்று. அண்ணி அன்றைக்கு அறையைப் பெருக்காமலே வீட்டுக்குப் போனாள். தன் கையால் வெட்டிய துணி தன் கைக்கே அடங்காமல் போகும் என்று அவள் நினைத்ததில்லை. ஒரு வருஷம் கெஞ்சியும் ஒன்றில்கூட ஒத்துப்போகாத மூன்று பேர், இதில் மட்டும் சுவர்போல ஒன்றாக நின்றுவிட்டார்கள்.

"எடுக்கச் சொன்னேன். மாட்டேங்கறாங்க," என்று கணவரிடம் சொன்னாள்.

"சின்னவ?"

"அவளும்தான்."

"என்ன சொன்னா?"

மறைத்தால் குற்றம் இன்னும் ஒன்று கூடும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயத்தை யாரோ நினைவுபடுத்தியதுபோல.

மறுநாள் அவருக்கு விடுப்பு. நாத்தனார் வேலைக்குக் கிளம்பிப்போன பிறகு அண்ணி ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து எதிரே உட்கார்ந்து தானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

"நீ எழுதினது பாதிதான்," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"மிச்சத்த உன்கிட்டயே சொல்லல. அந்தம்மா போகும்போது, 'இந்த சூப்பையாவது அவர்கிட்ட குடுத்துடுங்க'ன்னு ஃபிளாஸ்க்க என் கைல வச்சாங்க. உள்ள கொண்டுபோனேன். முழிச்சுட்டுத்தான் இருந்தாரு. 'அவ வந்தாளா?'ன்னாரு."

தோலுக்குள்ளிருந்து ஒரு பட்டாணி தெறித்து உருண்டது. இருவருமே எடுக்கவில்லை.

"இல்லன்னுட்டேன். யாரோ குடுத்தனுப்பினாங்கன்னேன். ஆமான்னு சொன்னா, கூப்பிடுன்னு சத்தம் போடுவாரு, வார்டே எழுந்துக்கும், நர்ஸம்மா என்னைப் புடிச்சுக்குவாங்க. அந்தம்மா அப்ப எங்க இருந்தாங்க தெரியுமா? படிக்கட்டுல. கீழகூட எறங்கல. கூப்பிட்டா கேக்கற தூரம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஃபிளாஸ்க் மூடியத் திறந்து மோந்து பார்த்தாரு. பார்த்துட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. 'பொய் சொல்றீங்க. இது அவ கைமணம்'னாரு. குடிக்கல. மூடிய மட்டும் முகத்துக்கிட்ட வச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு. நான் வெளிய வந்து மறுபடி வாசல்ல நின்னுட்டேன்."

அவர் உரித்த பட்டாணியைப் பாத்திரத்தில் போட்டார். தோலையும் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு, பிறகு பொறுக்கி எடுத்தார். "சின்னவ சொன்னது சரிதான். அந்த வரி இருக்கட்டும். சொன்னது நான்தான," என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலேயே, வேண்டாத விருந்தாளிபோல அந்த எண்ணமும் வந்து நின்றது: நாடகத்தின் முடிவு இதுதான். ஒரு வருஷம் நாலு பேர் மண்டையைப் போட்டு உடைத்தும் கிடைக்காதது, பட்டாணித் தோலோடு மடியில் வந்து விழுந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் மூடியை மோந்து பார்க்கிறான். சிரிக்கிறான். திரை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது அவளுக்கு. ஆனாலும் அது போகவில்லை. அவர் எழுந்து போன பிறகும் அங்கேயே நின்றது.

நாடகம் போட நூலக மண்டபத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கடைசி வாரம் தினமும் ஒத்திகை, தினமும் சண்டை. முடிவு இல்லாமல் மேடை ஏற முடியாது.

"சுவர் விழணும்," என்றார் வாத்தியார். "நான் பேசறேன், பேசப் பேசச் சுவர் ஆடுது, விழுது. ஜனங்க கட்டிப்புடிச்சுக்கறாங்க."

"பேச்சுக்கெல்லாம் சுவர் விழுந்தா பல் டாக்டர் எதுக்கு, பல்லும் பேசினாலே விழுந்துடுமே," என்றாள் நாத்தனார்.

"அப்ப நீ சொல்லு!"

"எனக்கு வந்தா சொல்ல மாட்டேனா? வரமாட்டேங்குதே! அதிகாரி அப்படிப் பேசினதுக்கப்புறம் என்ன வந்தாலும் சப்புனு இருக்கு."

"கயிறும் கப்பியும் மாட்டிட்டா சுவரு அழகா விழும். அதுக்கு நான் பொறுப்பு," என்றார் மெக்கானிக்.

வாத்தியார் கைகூப்பாத குறையாகத் திரும்பினார். "அண்ணி, உங்களுக்குத்தான் ஏதாவது தோணும். எனக்கே தெரியுது, என் முடிவு மட்டம்தான். ஏதாவது சொல்லுங்களேன்."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். நாக்கு நுனியில் ஃபிளாஸ்க் மூடி இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நாத்தனார் துள்ளிக் குதிப்பாள், வாத்தியாரே தன் பேச்சைக் கிழித்துப்போடுவார். இந்த அறையில் சொன்னால் அது நாலு பேருடையது.

"ஒண்ணும் தோணல," என்றாள் அண்ணி. "சுவரே விழட்டும்."

விழுந்தது. நூலக மண்டபத்தில், பாதிக்கு மேல் நிரம்பிய நாற்காலிகளுக்கு முன்னால், அவளே கஞ்சி போட்டு விறைக்க வைத்த சாம்பல் நிறத் திரைத்துணிச் சுவர், மெக்கானிக்கின் கயிற்றில் கச்சிதமாக மடிந்து விழுந்தது. அதற்கு முன்னால் வாத்தியார் பேசினார், பேசினார், மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் பேசினார். முதல் பாதியில், மெக்கானிக் தாழ்ந்த குரலில் "காலைல வாங்கம்மா" என்றபோது மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. சுவர் விழுந்தபோது பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். கைதட்டல் மரியாதையாக வந்து மரியாதையாக ஓய்ந்தது.

பட்டறை முதலாளி அவளைத் தேடிவந்து சொன்னார். "அந்த ஆபீசர் பேசறப்ப நானே எங்கயோ நின்னு கெஞ்சின மாதிரி இருந்துச்சும்மா. கடைசிலதான் என்னமோ பொசுக்குனு போயிடுச்சு. முடிவுல கொஞ்சம் கஷ்டப்பட்டிருக்கலாம்."

"ஆமா முதலாளி," என்றாள். எரிச்சலில் காது மடல் சுட்டது. கஷ்டப்பட்டிருக்கலாமாம்.

நாத்தனாரும் மற்றவர்களும் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்திருந்தார். இருவரும் நடந்தே கிளம்பினார்கள். மழை விட்டிருந்தது. கடைகள் ஷட்டரை இறக்கத் தொடங்கியிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்னார்:

"முடிவு நல்லா இல்லயே."

"ஆமா. நல்லா இல்ல."

"வேற ஏதாவது வச்சிருக்கலாம்."

"தோணலங்க."

அவர் நின்று அவளைப் பார்த்தார். அவள் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தாண்டுவதற்காகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை நீட்டினார். பிடித்துக்கொண்டு தாண்டினாள். கையை அவர் விடவில்லை. தெருத் திருப்பம் வரை அப்படியே நடந்தார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னைக்கு வார்டுக்கு ஒரு ஆள் வந்தான். கைல ஒரு கோழிக்குஞ்சு. எங்கம்மாவுக்குக் காட்டணும்ங்கறான். நான் என்னன்னு சொல்றது?"

"சொல்லுங்க," என்றாள் அவள். காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடிக்கொள்ளப் பார்த்தாள். அது அவ்வளவு சுலபமாக இல்லை.